பிளஸ் டூவா, பாலிடெக்னிக்கா?

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் 'எந்த குரூப்' என்பதைச் சுற்றியே இருக்கிறது. பயாலஜியா, கம்ப்யூட்டர் சயின்ஸா, காமர்ஸா என்று கேட்பார்கள். பிளஸ் ஒன் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பவர் குறைவு. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழுந்தது. மூத்தவள் பிளஸ் டூ முடித்து கலைக் கல்லூரிக்குப் போனாள். இளையவன் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டுப் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தான், இப்போது பி.இ. இரண்டாம் ஆண்டில் இருக்கிறான். ஆக இரண்டு வழிகளையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். ஆனாலும் நடுநிலையாளர் அல்ல. பொறியியல் பக்கம் போக நினைக்கும் சராசரி மதிப்பெண் பிள்ளைக்குப் பாலிடெக்னிக்தான் என்பது என் கட்சி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மேலே எழுதுவதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

எல்லோருக்கும் தெரிந்த செய்திகளைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ என்றால் தமிழ், ஆங்கிலம், நான்கு முதன்மைப் பாடங்கள், மொத்தம் 600 மதிப்பெண். முன்பு 1200 ஆக இருந்தது. ஒவ்வொரு பாடத்திலும் 100-க்கு 35 வாங்க வேண்டும். செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70-க்கு நடக்கும். அதில் குறைந்தது 15 எடுத்தால்தான் செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 35-க்கு உதவும். இந்தச் சின்ன விதியைப் பல பெற்றோர் மதிப்பெண் பட்டியல் கையில் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். பிளஸ் ஒன்னுக்கு 2017-18-இல் கொண்டுவந்த பொதுத்தேர்வை 2025-26 முதல் கைவிட்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது உண்மைதான். ஆனால் பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதித்து நேராகப் பிளஸ் டூ பாடம் நடத்திய பழைய வழக்கத்தை ஒழிக்கத்தான் அந்தத் தேர்வே வந்தது. அந்த வழக்கம் திரும்பி வராமல் இருக்கட்டும்.

பாலிடெக்னிக்கில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர், முடித்தால் டிப்ளமோ. சாண்ட்விச் முறை என்றால் தொழிற்சாலைப் பயிற்சியும் சேர்ந்து மூன்றரை ஆண்டு. முதல் ஆண்டில் கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலத்தோடு பொறியியல் வரைபடமும் ஒர்க்‌ஷாப்பும் இருக்கும். அதன் பிறகு முழுக்கத் தொழிற்பாடங்கள். அரசுப் பாலிடெக்னிக்கில் கல்விக் கட்டணம் ஒரு தடையே அல்ல. ஒரு நல்ல டியூஷனுக்குக் கட்டும் மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும்.

காலக் கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பாலிடெக்னிக் என்றால் மூன்று ஆண்டு கூடுதல், அதற்குப் பிறகு நான்கு ஆண்டு பொறியியல், பையனுக்கு வயதாகிவிடும் என்று எங்கள் உறவினர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு அப்படி இல்லை. டிப்ளமோ முடித்தவர் லேட்டரல் என்ட்ரி கலந்தாய்வு வழியாக நேராகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்கிறார். பிளஸ் டூ வழியில் இரண்டும் நான்கும் ஆறு. டிப்ளமோ வழியில் மூன்றும் மூன்றும் ஆறு. இரண்டு பிள்ளைகளும் ஒரே வயதில், ஒரே பி.இ. பட்டத்தோடு வெளியே வருகிறார்கள். ஒருவர் கையில் மட்டும் கூடுதலாக ஒரு டிப்ளமோ இருக்கிறது.

சேர்க்கை முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. பொறியியல் சேர்க்கைக்கான பிளஸ் டூக்காரரின் கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மார்ச் மாதத்தில் எழுதும் மூன்று தாள்கள் அவர் எந்தக் கல்லூரிக்குப் போவார் என்பதைத் தீர்மானித்துவிடுகின்றன. அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால்கூட அது கட்-ஆஃபில் தெரியும். டிப்ளமோக்காரரின் தரவரிசையோ செமஸ்டர் செமஸ்டராகச் சேர்ந்த மதிப்பெண்ணிலிருந்து வருகிறது. ஒரே நாளில் சிகரம் தொடும் பிள்ளைகளுக்கு முதல் முறை நல்லது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இரண்டாவது. என் மகன் இரண்டாம் ரகம்.

இதெல்லாம் பக்கக் காரணங்கள். எங்களை முடிவெடுக்க வைத்தது வேறொரு கேள்வி: நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் கையில் என்ன இருக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். பிள்ளை படிப்பை நிறுத்துவான் என்று நினைப்பதே அபசகுனம் போல இருக்கிறது. ஆனால் என் கணவரின் வருமானம் மாதச் சம்பளம் அல்ல. ஒப்பந்த வேலை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. எங்களைப் போன்ற குடும்பங்களில் ஆறு ஆண்டுப் படிப்பை ஒரே நீட்டாகத் திட்டமிடுவது துணிச்சல். எங்கேயாவது ஓர் ஆண்டு இடைவெளி விழலாம் என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும்.

பிளஸ் டூ முடித்து நின்றுபோன பிள்ளையைப் பாருங்கள். வயது பதினேழு அல்லது பதினெட்டு. சான்றிதழ் அடுத்த படிப்பின் வாசலில் காட்டும் டிக்கெட். அதைத் தவிர அதற்குச் சந்தையில் பெரிய மதிப்பில்லை. கடை வேலை, டெலிவரி வேலை, தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி வேலை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதலாம். அதற்கும் பத்தாம் வகுப்பே போதும். அந்த வேலைகளில் கையில் வரும் பணம் தேவைப்படுவதால் திரும்பக் கல்லூரிக்குப் போவது தள்ளிக்கொண்டே போகிறது. எங்கள் தெருவில் இப்படி நின்றுபோன பிள்ளைகளை நான் பார்க்கிறேன். அவர்கள் யாரும் மந்தமானவர்கள் அல்ல.

டிப்ளமோ முடித்து நின்றவர் நிலை வேறு. அவர் கையில் ஒரு தொழில் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி ஓர் ஆண்டு உதவித்தொகையோடு தொழிற்பயிற்சிக்குப் போகலாம். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. ரயில்வேயில் இளநிலைப் பொறியாளர் தேர்வு, மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. இளநிலைப் பொறியாளர் தேர்வு இரண்டுக்கும் டிப்ளமோ தகுதியாகிறது. அம்பத்தூர், ஓசூர், கோவைப் பக்கத் தொழிற்சாலைகள் டிப்ளமோ டிரெய்னி என்றே தனியாக ஆள் எடுக்கின்றன. சம்பளம் கொழுத்ததாக இருக்காது. ஆனால் அந்த வேலை அவர் படித்த படிப்போடு தொடர்புடையது. இரண்டு ஆண்டு கழித்துப் படிப்புக்குத் திரும்பினாலும் அந்த அனுபவம் வீணாகாது. வேலையில் இருந்துகொண்டே படிக்க விரும்புவோருக்குப் பகுதிநேரப் பி.இ. இருக்கிறது, அது டிப்ளமோக்காரர்களுக்காகவே நடப்பது. பிளஸ் டூக்காரருக்கு அந்த வாசல் கிடையாது.

இதே கேள்வியைத் திருப்பிப் போட்டால் பாலிடெக்னிக்கின் பலவீனமும் தெரிந்துவிடும். மூன்று ஆண்டை முடித்தால்தான் மேலே சொன்னதெல்லாம். இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டால் கையில் டிப்ளமோ இருக்காது. பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால் முடிவு வந்த சில வாரங்களில் துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டு கல்லூரியில் சேரலாம். டிப்ளமோவில் அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டர் தேர்வு வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் புதிய பாடங்கள் மேலே வந்து உட்காரும். மூன்று ஆண்டு முடிந்தும் சான்றிதழ் கைக்கு வராமல் அரியர் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு பாலிடெக்னிக்கிலும் உண்டு. பதினைந்து வயதில் சீருடையையும் வகுப்பு ஆசிரியரின் கண்ணையும் விட்டு வெளியே வந்ததும் சில பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். பள்ளி என்றால் இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போன் வரும். பாலிடெக்னிக்கில் வருகைப் பதிவு குறைந்து தேர்வு எழுத முடியாது என்ற கட்டத்தில்தான் கூப்பிடுவார்கள். எனவே என் வாதம் முழுக்க ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: பிள்ளை முதலாண்டு அரியரை முதலாண்டிலேயே முடித்துவிட வேண்டும். அதற்கு வீட்டில் ஒருவர் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலையை நான்தான் செய்தேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

அடுத்து, யாருக்குப் பாலிடெக்னிக் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

மருத்துவ ஆசை கடுகளவு இருந்தாலும் பிளஸ் டூதான். நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியலோடு பிளஸ் டூ வேண்டும். டிப்ளமோ அங்கே உதவாது. சட்டம், வேளாண்மை, ஆசிரியப் பணி, கலை அறிவியல் என எதுவென்று இன்னும் தெரியாத பிள்ளைக்கும் பிளஸ் டூதான் நல்லது. பதினைந்து வயதில் மெக்கானிக்கலா சிவிலா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வது நியாயமில்லை என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இன்னொன்று, திரும்பும் வசதி ஒரு பக்கமாகவே இருக்கிறது. கணக்கு, அறிவியல் படித்துப் பிளஸ் டூ முடித்தவர் மனம் மாறினால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஓர் ஆண்டுதான் நட்டம். பாலிடெக்னிக்கில் சேர்ந்து மனம் மாறியவருக்கு இவ்வளவு எளிதான திரும்பு பாதை இல்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டால் அந்தத் தொடர் அறுந்துவிடும். கணக்கில் நன்றாக மதிப்பெண் வாங்கும் அரசுப் பள்ளி மாணவி ஒருத்தி பாலிடெக்னிக் பற்றிக் கேட்டால், நான் என் கட்சியை மறந்துவிட்டுப் பிளஸ் ஒன்னில் சேரச் சொல்வேன். என் மகன் படித்தது தனியார் பள்ளி என்பதால் எங்களுக்கு இந்த இழப்பு இல்லை. எங்கள் முடிவு எளிதானதில் அதற்கும் பங்கு உண்டு.

லேட்டரலில் போன பிறகு வரும் சிரமத்தையும் மறைக்கக் கூடாது. மற்றவர்கள் முதலாண்டில் மேட்ரிக்ஸும் கால்குலசும் படித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்கள் நேராக மூன்றாம் செமஸ்டரில் இறங்குகிறார்கள்; டிரான்ஸ்ஃபார்ம்ஸ் என்ற கணக்குத் தாள் எதிரே வந்து நிற்கிறது. டிப்ளமோவில் படித்த கணக்கு அதற்குப் போதவில்லை. என் மகன் முதல் இரண்டு மாதம் இரவில் முதலாண்டுப் புத்தகத்தைத் தனியாக வைத்துப் படித்தான். ஆனால் ஒர்க்‌ஷாப்பிலும் மெஷின் டிராயிங்கிலும் நிலைமை தலைகீழ். பிளஸ் டூவிலிருந்து வந்த பிள்ளைகள் லேத் முன்னால் தயங்கி நிற்கும்போது இவன் வேலையை முடித்துவிட்டு நிற்பான். மெக்கானிக்கலில் இப்படி. கம்ப்யூட்டர் படிப்பில் டிப்ளமோவின் கைப்பழக்கம் இதே அளவுக்குக் கைகொடுக்குமா என்பதை எங்கள் அனுபவத்தை வைத்து நான் சொல்லக் கூடாது. பெண் பிள்ளைகளின் தொழிற்சாலைப் பயிற்சி பற்றியும் அப்படித்தான். என் மகள் அந்த வழியில் போகவில்லை.

மகளின் பிளஸ் டூ பற்றிக் குறைவாக எழுதியிருக்கிறேன் என்று அவளே சொல்வாள். அவளுக்கு வரலாறும் பொருளியலும் பிடித்தன, அந்த குரூப் எடுத்தாள், கல்லூரியில் இடம் கிடைத்தது, நிம்மதியாகப் படித்தாள். அவளைப் போல் என்ன வேண்டும் என்று தெரிந்த, கருவிகளில் ஆர்வமில்லாத பிள்ளைக்குப் பாலிடெக்னிக் பேச்சே தேவையில்லை. ஒப்பிட வேண்டிய அவசியம் மகனுக்குத்தான் வந்தது.

பாலிடெக்னிக் பக்கம் மனம் போகிறவர்கள் விண்ணப்பம் வாங்குமுன் அந்த வளாகத்துக்கு ஒரு வேலை நாளில் போய்ப் பாருங்கள். அலுவலகத்தைப் பார்ப்பதைவிட ஒர்க்‌ஷாப்பைப் பார்ப்பது முக்கியம். லேத்கள் ஓடுகின்றனவா, அல்லது துணி போர்த்தி வைத்திருக்கிறார்களா என்பது உள்ளே நுழைந்ததும் தெரிந்துவிடும். இறுதியாண்டுப் பிள்ளைகள் யாரையாவது நிறுத்தி, அவர்கள் வகுப்பில் அரியர் இல்லாமல் எத்தனை பேர் என்று கேளுங்கள். வளாகத்தின் வாசலில் ஒட்டியிருக்கும் வேலைவாய்ப்புப் பட்டியலைவிட அந்தப் பதில் நம்பகமானது. போன ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் லேட்டரலில் எந்தக் கல்லூரிக்குப் போனார்கள் என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். நல்ல துறைத் தலைவருக்கு அது நினைவில் இருக்கும். பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்குவதை மட்டும் பாலிடெக்னிக்கில் இடம் உறுதியான பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் ஒன் வகுப்பு ஜூனில் தொடங்கிவிடும். அதுவரை அந்த இடமும் கையில் இருக்கட்டும்.