கரண்டைக்கால் ஜவ்வு கிழிஞ்சா பிளாஸ்டரா, பிரேஸும் பயிற்சியுமா?

ரெண்டையும் பண்ணிப் பாத்துட்டேன், அதனாலதான் எழுதுறேன். முதல் தடவ சிவனொளிபாதமலை ஏறிட்டு நல்லதண்ணி பக்கம் படி இறங்கும்போது வலது கால் உள்பக்கமா மடங்கிருச்சு, அப்ப ஆறு கிழமை பிளாஸ்டர், அதாவது மாவுக்கட்டு. அடுத்த வருசமே தேயிலை மலை குறுக்குப் பாதையில அதே கால் திரும்பவும் மடங்குச்சு, இந்த தடவ கரண்டைய இறுக்கிப் பிடிக்கிற, லேஸ் கட்டுற பிரேஸும் பிசியோ சொல்லிக்குடுத்த பயிற்சியும்.

ஐஸ் வைக்கிறது, கால உயர்த்தி வைக்கிறதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நாலு அடி கூட வைக்க முடியல, இல்லாட்டி கரண்டை எலும்புக்குப் பின்பக்கம் அமுக்கினா வலி உயிர் போகுதுன்னா முதல்ல எக்ஸ்ரே எடுங்க, தைலம் போட்டு உருவுறதெல்லாம் அப்பறம்.

பிளாஸ்டர்ல வலி சட்டுனு குறைஞ்சது, ராத்திரி நல்லா தூங்கினேன், அத மறுக்க முடியாது. ஜவ்வு ரொம்ப மோசமா கிழிஞ்சவங்களுக்கு ஒரு பத்து நாள் போடுறது உதவும். ஆனா எனக்கு ஆறு கிழமை கழிச்சு வெட்டி எடுத்தப்போ கெண்டைக்கால் சூம்பிப்போய் பாதத்த மேல மடக்கவே முடியல.

நான் பிரேஸ், பயிற்சி பக்கம் நிக்கிறதுக்கு முக்கிய காரணம் நம்ம ஊரு இறக்கம்தான். கரண்டைக்குள்ள இருக்கிற தாலஸ் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் ஒடுக்கம், அதனால ஏறும்போது பாதம் மேல மடங்கினா அகலமான பக்கம் கரண்டைக்கு ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு இருக்கிற எலும்பு மொழிங்களுக்கு நடுவுல இறுக்கமா உக்காந்துக்கும், இறங்கும்போது விரல் கீழ பாக்குறதால ஒடுக்கமான பக்கம் வந்து மூட்டு லூசாகிரும், அந்த நேரம் பிடிச்சு நிறுத்துறது வெளிப்பக்க ஜவ்வுங்கதான். அதுல முன்னால இருக்கிறதுதான் பெரும்பாலும் முதல்ல கிழியும். அதுக்குக் கீழ ஒண்ணு குதிகால் எலும்பு வரைக்கும் போகுது, அது கரண்டை மூட்டையும் அதுக்கு அடியில இருக்கிற சப்தாலர் மூட்டையும் சேத்தே தாண்டுது. அதுவும் போச்சுன்னா குதிகாலே சரியும், சரிவுல குறுக்கா நடக்கிறப்போ, கொழுந்து எடுக்கிறவங்க தேயிலை நிரைக்குள்ள நிக்கிற மாதிரி, கால் நம்ம பேச்சக் கேக்காது.

ஜவ்வு வெறும் கயிறு மாதிரி இல்ல, கால் எந்தப் பக்கம் சாயுதுன்னு மூளைக்குச் சொல்ற நரம்பு நுனிகளும் அதுக்குள்ளயே இருக்கு. அதுவும் சேந்து கெட்டுப்போறதாலதான் வீக்கம் வத்தினப்பறமும் கால் மடங்கிக்கிட்டே இருக்கு. பிளாஸ்டர் இத சரி பண்ணாது. பிரேஸும் தனியா பண்ணாது, பயிற்சிதான் பண்ணும்.

நான் செஞ்சது இதுதான். காலையில அம்மா கொழுந்து எடுக்கிறப்போ இடுப்புல கட்டுற பழைய படங்குத் துணிய நாலா மடிச்சுப் போட்டு கதவு நிலைய தொட்டமாதிரி ஒத்தக்கால்ல அர நிமிசம், பழகினப்பறம் கைய எடுத்துட்டு, பிறகு கண்ண மூடிக்கிட்டு. முதல் கிழமை பத்து செகண்ட் கூட நிக்க முடியல, பாதம் நடுங்குச்சு. கூடவே ரப்பர் பட்டிய மாட்டி பாதத்த வெளிப்பக்கமா இழுக்கிறது, கரண்டைக்கு வெளியால ஓடுற பெரோனியல் தசை பலமாகத்தான். எட்டாவது கிழமை தண்ணி பிடிக்கிற பீலிக்கரை படிய குடத்தோட இறங்கினேன், கால் அசையல.

பிரேஸ்ல தொல்லை இல்லாம இல்ல. மழைக்கு நனைஞ்சா காய ரெண்டு நாளாகும், பாட்டா செருப்போட சரிவராது, ஷூ வேணும். பயிற்சிய விட்டா பழையபடி ஆகிரும்னு பயம், அதனால இன்னமும் கிழமைக்கு மூணு நாள் செய்றேன்.

ஆபரேஷன் நான் செஞ்சுக்கல, அதனால அதப்பத்தி பெருசா சொல்ல மாட்டேன். கிழிஞ்ச ஜவ்வ இழுத்து எலும்போட தைக்கிற புரோஸ்ட்ரோம் முறை 1960கள்ல இருந்தே இருக்கு, அதுக்கப்பறமும் பயிற்சி செஞ்சுதான் ஆகணும். மூணு மாசத்துக்கு மேல ஒழுங்கா பயிற்சி செஞ்சும் சமதரையிலயே கால் மடங்குதுன்னா எலும்பு டாக்டர்கிட்ட போய்க் காட்டுங்க, குதிகாலையும் பிடிச்சு அசைச்சுப் பாக்கச் சொல்லுங்க.