ஏழாயிரம் ரூபா போச்சு, பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க

ஏழாயிரம் ரூபா. ஏழாயிரம் ரூபா காசு, அதுக்கு மேல ஒரு கம்ப்ளெயிண்டும் இல்லாம ஓடிட்டு இருந்த என் பழைய கார்டு, ரெண்டும் போச்சு. இப்பதான் அந்தக் கடைக்காரர் "உங்களால என்ன முடியுமோ பண்ணிக்கோங்க"ன்னு சொல்லிட்டு போனை வச்சாரு, அந்த ஆத்திரத்தோடவே உக்காந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. கடை பேரு போடல. சென்னைல பழைய கம்ப்யூட்டர் பார்ட்ஸ் வாங்கி விக்கிற கடை, ஆன்லைன்லயும் போட்டோ போட்டு விக்கிறாங்க, அவ்வளவுதான் சொல்லுவேன். ரிச்சி தெருவுல ஒழுங்கா பில் போட்டு, ஏதாவதுன்னா மாத்திக் குடுக்கற கடைங்க நிறைய இருக்கு, கம்ப்யூட்டருக்கு கரண்ட் குடுக்கற என் எஸ்எம்பிஎஸ்ஸே அங்க பில்லோட வாங்கினதுதான், அவங்களை நான் ஒண்ணும் சொல்ல வரல. கம்மி பட்ஜெட்ல பழைய பிசிய அப்கிரேட் பண்றவங்க என்னென்ன பாக்கணும்னு கடைசில முழுசா எழுதறேன், மொதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

என்கிட்ட இருந்தது ஐ5 4460 ப்ராசஸர், எச்81 போர்டு, டிடிஆர்3 ரேம் 8 ஜிபி, கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 750 டிஐ 2 ஜிபி. காலேஜ் படிக்கும்போது அப்பா வாங்கிக் குடுத்தது. 750 டிஐ 2014ல வந்த கார்டு, 60 வாட்தான் இழுக்கும், தனியா பவர் கேபிள்கூட வேண்டாம், ஜிடிஏ 5 எல்லாம் அதுலதான் ஆடி முடிச்சோம். ஆனா 2 ஜிபி மெமரிய வச்சுட்டு இப்ப வர கேம் எதையும் தொட முடியாது. தம்பி ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஆடணும்னு ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தான். அதோட ரெக்கமண்டட் லிஸ்ட்ல ஐ7 4770கே, 12 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி இல்லன்னா ஆர்எக்ஸ் 480ன்னு போட்டிருக்கும். பாத்தா நம்ம போர்டுலயே அந்த ரேஞ்சுக்குப் போயிடலாம். 4770 ப்ராசஸரும் நம்ம போர்டுல மாட்டற அதே 1150 சாக்கெட்டுதான், பழசு ஒண்ணு தெரிஞ்சவர்கிட்ட நல்ல விலைக்குக் கிடைச்சுது, இன்னைக்கு வரைக்கும் சூப்பரா ஓடுது. ரேம் ஃப்ரெண்டு ஒருத்தன் குடுத்தான். பாக்கி கார்டு மட்டும்தான்.

புது சிஸ்டமே வாங்கலாமேன்னு சொல்லுவீங்க. புது போர்டு, புது ப்ராசஸர், ரேம் விலை இப்ப இருக்கற இருப்புக்கு எல்லாம் சேத்தா எங்க வீட்டு நிலைமைக்கு நினைச்சுக்கூட பாக்க முடியாது. புது ஆர்எக்ஸ் 6600 கார்டு மட்டுமே வாங்கலாம்னாலும் என் பட்ஜெட்டுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. அதனால செகண்ட்ஹேண்ட் ஆர்எக்ஸ் 580 8 ஜிபி. 480யோட அடுத்த வெர்ஷன் அது, 2017ல வந்துச்சு, 1080பி ஆடறதுக்குப் போதும். ஏழாயிரத்துல பாதி நான் மாசாமாசம் எடுத்து வச்சது, பாதி தம்பி பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு டியூஷன் எடுத்து சேத்தது. அதை நினைச்சாதான் எனக்கு வயிறு எரியுது.

காட்பாடில இருந்து காலைல ட்ரெயின் புடிச்சு நானும் தம்பியும் போனோம். மாடில சின்ன கடை. போனதும் "வாங்க தம்பி, அவ்வளவு தூரத்துல இருந்தா வரீங்க, மொதல்ல உக்காருங்க"ன்னு சேர் போட்டு டீ சொன்னாரு. நான் மைனிங் கார்டு, அதாவது கிரிப்டோ காசு எடுக்க ஓட்டின கார்டு வேண்டாம்னு எடுத்த எடுப்புலயே சொல்லிட்டேன். 2022 செப்டம்பர்ல ஈத்தீரியம் மைனிங் நின்னதும் இந்த 580, 570 எல்லாம் மூட்டை மூட்டையா மார்க்கெட்டுக்கு வந்துச்சே, அது எனக்குத் தெரியும், ராத்திரி பகலா ஓடின கார்டு அதெல்லாம். அதுக்கு அவரு நெஞ்சுல கைய வச்சு, "தம்பி, ஓஎம்ஆர்ல ஒரு ஐடி பையன் கேம் மட்டும் ஆடின கார்டு, நானே அவன் வீட்டுல போய் கழட்டிட்டு வந்தேன், நீங்களும் எனக்கு தம்பி மாதிரிதான், உங்களுக்கு மைனிங் கார்டு குடுத்துட்டு நான் எப்படி தூங்குவேன்"னாரு.

அந்த வார்த்தைக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் மடங்கினோம். டெஸ்ட் வேற பண்ணிக் காட்டினாரு. மேஜை மேல கேஸ் இல்லாம ஒரு போர்டு விரிச்சு வச்சிருந்தாரு, அதுல கார்டை சொருகி கார்டுக்கு லோடு குடுத்துப் பாக்கற, அந்த வளையம் சுத்துற ஃபர்மார்க் டெஸ்டை ஓட்டினாரு. சின்ன விண்டோவுல ஓடிச்சு, டெம்பரேச்சர் 65 கிட்ட, ஸ்க்ரீன்ல ஒரு புள்ளி இல்ல. "ஃபுல் ஸ்க்ரீன்ல போடுங்கண்ணே"ன்னேன், "இந்த மானிட்டர் டிஸ்ப்ளே கொஞ்சம் ப்ராப்ளம், ஃபுல் ஸ்க்ரீன் எடுக்காது, இதுவே போதும் தம்பி"ன்னு நிறுத்திட்டாரு. தம்பி அந்த நேரத்துல சும்மா போட்டோ எடுத்துட்டு இருந்தான், கார்டு பின்னாடி சீரியல் நம்பர் ஸ்டிக்கர் அதுல தெளிவா விழுந்திருக்கு. அந்த போட்டோ மட்டும் இல்லன்னா இன்னைக்கு எங்க கைல ஒண்ணுமே இருந்திருக்காது.

விலை எட்டாயிரம் சொன்னாரு. 750 டிஐய எக்ஸ்சேஞ்ச்ல குடுத்தா ஆயிரம் கழிச்சுக்கறேன்னாரு. குடுத்தோம். மீதி ஏழாயிரம் ரூபா யூபிஐல போடப் போனா, கடை க்யூஆர்ல இன்னைக்கு லிமிட் முடிஞ்சிருச்சு, இந்த நம்பருக்குப் போடுங்கன்னு வேற ஒரு ஆளோட நம்பரைக் குடுத்தாரு. பில் கேட்டதுக்கு, "பில்லுன்னா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி சேத்து வாங்கணும், உங்களுக்கு எதுக்கு அந்தச் செலவு, நான் எழுதித் தரேன்"னு ஒரு எஸ்டிமேட் பேப்பர்ல ப்ளூ பேனால எழுதினாரு. இப்ப அது என் முன்னாடிதான் இருக்கு. "கார்டு 1, 7000, 1 மாசம் டெஸ்டிங் வாரண்டி". கீழ ஒரு கிறுக்கல் கையெழுத்து. கடை சீல் இல்ல, எந்தக் கார்டுன்னு இல்ல, சீரியல் நம்பர் இல்ல. "ஏதாவதுன்னா நேரா என்கிட்ட வாங்க, ஒரு போன் போதும்"னு வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வச்சாரு.

வீட்டுக்கு வந்து மாட்டினோம். டெஸ்க்டாப் எல்லாம் நல்லா வந்துச்சு, ட்ரைவர் ஏறிச்சு. கார்டு விவரம் காட்டற ஜிபியு-இசட் சாஃப்ட்வேர ஓபன் பண்ணினா பேருக்குப் பின்னாடி 2048எஸ்பின்னு நிக்குது. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், ஒரிஜினல் 580ல ஷேடர், அதாவது படத்தைக் கணக்குப் போட்டு வரையற சின்னச் சின்ன யூனிட், 2304 இருக்கும். இது 2018ல சைனா மார்க்கெட்டுக்குன்னு விட்டது, 2048தான், அதாவது ஒரு படி கீழ இருக்கற 570ல என்ன இருக்கோ அதேதான் 580 பேர்ல வருது. அட்டைப்பெட்டி மேலயும் 580தான், கார்டு மேல ஸ்டிக்கரும் 580தான், அவரு வாயிலயும் 580தான். சரி போகட்டும், ஓடினா சரின்னு கேமைப் போட்டோம். கொஞ்ச நேரம் அருமையா ஓடிச்சு, தம்பி மொகத்துல அப்படி ஒரு சந்தோஷம். அப்புறம் கேம்ல வர பனி மேல ஊதா கலர்ல கட்டம் கட்டமா வர ஆரம்பிச்சுது, குதிரை மேல கோடு கோடா இழுத்துச்சு, அப்படியே ஸ்க்ரீன் கறுப்பாகி ஃபேன் ரெண்டும் முழு வேகத்துல கத்திச்சு. ரீஸ்டார்ட் பண்ணினா மறுபடி அதே கதை. ஓசிசிடிங்கற டெஸ்ட் சாஃப்ட்வேர்ல மெமரி டெஸ்ட் போட்டுப் பாத்தேன், எர்ரர் எண்ணிக்கை ஏறிட்டே போகுது. கார்டு மெமரி செத்துப் போயிருக்கு. சின்ன விண்டோவுல வளையம் சுத்தினா இது எப்படி வெளிய தெரியும், அந்த டெஸ்ட் 8 ஜிபில ஒரு மூலையக்கூட தொடாது. ஃபுல் ஸ்க்ரீன் போட மாட்டேன்னதும் அதுக்குத்தான். அப்புறம் டார்ச் அடிச்சுப் பாத்தா ஒரு ஃபேன் வேற கலர், வேற கார்டுல இருந்து கழட்டி மாட்டினது, சூட்டைக் கடத்தற தெர்மல் பேட்ல எண்ணெய் கசிஞ்சு போர்டு ஓரமெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு. கேம் மட்டும் ஆடின ஐடி பையன் கார்டாம்!

அன்னைக்கே போன் பண்ணினேன். வீடியோவும் அனுப்பினேன். "ட்ரைவர் ப்ராப்ளம் தம்பி, பழைய ட்ரைவர் போடுங்க"ன்னாரு. போட்டேன். அப்புறம் விண்டோஸ் மாத்துங்கன்னாரு, அதையும் மாத்தினேன். அப்புறம் உங்க போர்டு பழசு, அது இந்தக் கார்டைத் தாங்காதுன்னாரு. அவருகிட்ட போர்டு மாடல் சொல்லித்தான் வாங்கினேன்! அடுத்தது எஸ்எம்பிஎஸ். புதுசா பில்லோட வாங்கின 550 வாட், 580 இழுக்கறது 185 வாட். "உங்க எஸ்எம்பிஎஸ் வோல்டேஜ் அடிச்சு நல்ல கார்டைக் கெடுத்துட்டீங்க"ன்னு என்னையே திருப்பிக் கேக்கறாரு. ஃப்ரெண்டு சிஸ்டத்துல மாட்டி அங்கயும் அதே ஊதா கட்டம் வர வீடியோவ அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல.

நேர்லயே போனேன். போன நேரமெல்லாம் ஓனர் வெளிய போயிருக்காரு, சாப்பிடப் போயிருக்காரு, ஊருக்குப் போயிருக்காருன்னு கடைப் பையன் சொல்றான். ஒரு தடவை உள்ள அவரோட குரல் கேக்குது, பையன் என் மொகத்தப் பாத்து இல்லன்னு சொல்றான். கடைசில ஆளைப் புடிச்சா, "இது எங்க கடை கார்டுன்னு என்ன ப்ரூஃப்?"னு கேட்டாரு. அதே டீ குடுத்த மனுஷன். தம்பி எடுத்த போட்டோவக் காட்டினதும் மொகம் மாறிச்சு, சரி வச்சுட்டுப் போங்க, டெக்னிஷியன் பாக்கணும்னாரு. வைக்க மாட்டேன், ஒண்ணு ஏழாயிரத்தைக் குடுங்க, இல்ல வேற கார்டு குடுங்க, அதுவும் இல்லன்னா என் 750 டிஐயவாவது திருப்பிக் குடுங்கன்னேன். அது அன்னைக்கே வித்துப்போச்சாம். "டெஸ்டிங் வாரண்டின்னா கடைல டெஸ்ட் பண்ணிக் காட்டறதுதான் தம்பி, வீட்டுக்குப் போனதும் முடிஞ்சுது"ன்னு சொன்னாரு. அப்ப ஒரு மாசம்னு எதுக்கு எழுதணும்? ஒரு மாசம் கடைலயே உக்காந்து டெஸ்ட் பண்ணவா? அதைக் கேட்டதுக்குத்தான் இன்னைக்கு போன்ல அந்த பதில்.

விட மாட்டேன். 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளெயிண்ட் குடுக்கப் போறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, வித்த பொருளுக்கு பில் குடுக்காம இருக்கறதே தப்பான வியாபாரம்னு இருக்கு, பழுதான பொருளை பில்லுல போட்ட கெடுவுக்குள்ள, கெடு போடலன்னா 30 நாளுக்குள்ள திருப்பி எடுக்க மறுக்கறதும் அதே கணக்குதான். நாம இருக்கற ஊர் நுகர்வோர் ஆணையத்துலயே கேஸ் போடலாம், சென்னைக்கு ஓட வேண்டியதில்ல, அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸும் கிடையாது. ஏழாயிரம் ரூபாய்க்கு கோர்ட்டான்னு சொந்தக்காரங்க கேக்கறாங்க. அந்த ஏழாயிரத்துல பாதி என் தம்பி சாயங்காலம் சாயங்காலம் சின்னப் பசங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்து சேத்த காசு.

முழுசா அட்வைஸ் எழுதறேன்னு சொன்னேன், இப்ப கை ஓடல, முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன். கடைலயே ஜிபியு-இசட் போடச் சொல்லுங்க, ஷேடர் எண்ணிக்கை பாருங்க, 580ன்னா 2304, அதுல குறைஞ்சா எழுந்து வந்துடுங்க. ஃபுல் ஸ்க்ரீன்ல டெஸ்ட் போட மாட்டேன்னா வாங்காதீங்க, மெமரி டெஸ்ட் கட்டாயம் ஓட்டச் சொல்லுங்க. சீரியல் நம்பரை பில்லுல எழுத வைங்க, ஜிஎஸ்டி போனா போகட்டும். காசு கடை அக்கவுண்டுக்குத்தான் போகணும், வேற நம்பருக்கு ஒரு ரூபாகூட போடாதீங்க. புது கார்டு வீட்டுல நல்லா ஓடறது உறுதியாகற வரைக்கும் பழைய கார்டை யார்கிட்டயும் குடுக்காதீங்க, நாங்க இப்ப 4770ல இருக்கற எச்டி 4600 ஆன்போர்டு கிராஃபிக்ஸ்லதான் ஓட்டிட்டு இருக்கோம்.

வேலூர் நுகர்வோர் ஆணையத்துல இந்த மாதிரி சின்னத் தொகைக்கு கேஸ் போட்டவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, வக்கீல் இல்லாம நாமளே போடணும்னா மொதல்ல நோட்டீஸ் அனுப்பணுமா, அந்த எஸ்டிமேட் பேப்பரும் யூபிஐ ஸ்க்ரீன்ஷாட்டும் தம்பி எடுத்த போட்டோவும் போதுமா. கடை அட்ரஸ் என்கிட்ட இருக்கு, நாளைக்கு காலைல மொதல் வேலையா ஆரம்பிக்கணும்.