நேர் போல்ட்டா, லாட வடிவமா? வீட்டு மின்காந்தத்திற்கு எது ஏற்றது

வலுவான மின்காந்தம் செய்ய முனைவோர் பெரும்பாலும் கம்பியைப் பற்றியே யோசிக்கிறார்கள்; தூக்கும் திறனில், மின்சாரம் பாயும் அந்தக் கம்பிச் சுருளுக்குள் இருக்கும் இரும்பின் வடிவத்திற்கும் பெரும் பங்கு உண்டு.

சுற்றும் வேலை: நேர் போல்ட்டில் எனாமல் பூசிய செப்புக் கம்பியை ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் போதும். லாட வடிவத்தில் இரு முனைகளும் எதிரெதிர்த் துருவங்களாக அமையுமாறு சுற்ற வேண்டும். ஒருமுறை இரண்டாவது காலில் நான் திசை தவறிச் சுற்றியதால் இரு முனைகளும் ஒரே துருவமாகி, ஒரு ஸ்பேனர்கூட ஒட்டி நிற்கவில்லை.

பிடிப்பு: நேர் போல்ட்டில் காந்தப்புலம் மறுமுனைக்குக் காற்றின் வழியே திரும்புவதால் வலு குறைகிறது. லாடத்தின் முனைகளுக்குக் குறுக்கே இரும்புப் பட்டையை வைத்தால் காந்தச் சுற்று (காந்தப்புலம் சுற்றி வரும் பாதை) இரும்புக்குள்ளேயே மூடிக்கொள்கிறது. 1820களில் ஆங்கிலேயக் கண்டுபிடிப்பாளர் வில்லியம் ஸ்டர்ஜன் சுமார் 200 கிராம் லாட இரும்பைக் கொண்டு ஏறத்தாழ 4 கிலோ எடையைத் தூக்கிக் காட்டினார். ஆனால் முனைகளை அரத்தால் சமமாகத் தேய்க்காவிட்டால், தாளின் கனமளவு இடைவெளிகூட அந்தப் பலனை வெகுவாகக் குறைத்துவிடும்.

சூடு: இரண்டுக்கும் பொது, மின்சாரத்தைச் சில விநாடிகளுக்கு மேல் தொடர்ந்து விடாதீர்கள்.

ஆணி, திருகு பொறுக்குவதற்கு நேர் போல்ட் போதும். தட்டையான, கனமான இரும்பைத் தூக்க வேண்டுமானால் லாட வடிவமே ஏற்றது.