டீஎக்ஸ் வேகன்: காபுரேட்டரில் கைவைக்க முதல்

"ஸ்லோவில நிக்குதில்ல" (அக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சின் ஒழுங்காக ஓடுதில்லை) என்று கொழும்பில் எந்தக் கராஜில் சொன்னாலும் "காபுரேட்டரை மாத்துங்கோ" என்பதுதான் மறுமொழி. பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் பாகம் அது. என் கொரோலா டீஎக்ஸ் வேகனுக்கும் (1290 சிசி, 4கே எஞ்சின்) அதேதான் சொன்னார்கள். காலி வீதி சிக்னலில் நின்றால் ஸ்டியரிங்வரை நடுங்கும். ஓர் இடத்தில் மிக்ஸ்சர் ஸ்குரூவைத் திருப்பிப் பெற்றோலைக் கூட்டி நடுக்கத்தை மறைத்துத் தந்தார்கள். அடுத்த புகைப் பரிசோதனையில் கார்பன் மொனொக்சைட் கூடி ஃபெயில்.

விஷயத்தை வெளியில் கொண்டுவந்தது வெக்யூம் கேஜ், எஞ்சின் காற்றை இழுக்கும் வலுவை அளக்கும் கருவி. கொழும்பு கடல்மட்டம் என்பதால், நல்ல எஞ்சின் ஐடிலில் (ஸ்லோவில்) 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும், முள்ளும் ஆடாது. (நுவரெலியாவில் அளந்தால் ஆறு அங்குலமளவு குறையும், அது கோளாறில்லை.) என்னுடையது 14ஐத் தாண்டவில்லை, எங்கோ காற்றுக் கசிவு என்று தேடினேன். காபுரேட்டருக்கு அடியில் தண்ணீர் பீச்சியதும் எஞ்சின் சத்தம் மாறியது: காபுரேட்டரின் கீழிருக்கும் தட்டான இன்சுலேட்டரில் மயிரிழை வெடிப்பு. சூடான எஞ்சினில் கார்ப் கிளீனர் அடித்துத் தேடுகிறவர்களும் உண்டு. தீயோடு விளையாட எனக்கு விருப்பமில்லை. ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் வெக்யூம் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பார்த்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டே நின்றது. உள்ளே இருக்கும் டயஃப்ராம் (சவ்வு) நல்லது.

மிச்சக் குறை பிசிவி வால்வில். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் புகையை மெனிபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றும் பெற்றோலும் போகும் குழாய்) திருப்பி அனுப்பும் சின்னச் சாமான் அது. ஐடிலில் மெனிபோல்டின் இழுவை கூட இருப்பதால் உள்ளே இருக்கும் முளை இழுபட்டுப் பாதையைச் சுருக்க வேண்டும். கசடு பிடித்துத் திறந்தபடி இறுகினால் அதுவே ஒரு காற்றுக் கசிவு. மூடியபடி இறுகினால் அழுத்தம் ஏறி, சீல்களால் ஒயில் தள்ளும். கழற்றிக் குலுக்கினேன், நல்ல வால்வில் கேட்கும் 'டக் டக்' சத்தமே இல்லை.

"அதை அடைச்சு விட்டா எஞ்சின் சுத்தமா இருக்கும் தம்பி" என்றார் ஒரு மெக்கானிக் பாஸ். அடைத்தால் ஈரமும் அமிலமும் ஒயிலுக்குள்ளேயே தங்கும். கிட்டக் கிட்ட ஓடும் நகரக் காரில் ஒயில் மூடிக்குள் மஞ்சள் களி படிவது அப்படித்தான்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வால்வும் இன்சுலேட்டரும் கிடைத்தன. ஹோஸில்தான் கஞ்சத்தனம் கூடாது. முன்பு யாரோ போட்டிருந்த தண்ணீர் ஹோஸ் ஒயில் ஆவியில் ஊறி, வளைவில் சப்பையாகிக் கிடந்தது. ஒயிலுக்குத் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள்.

மாத்தி இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. முள் 18இல் நிற்கிறது, மிக்ஸ்சர் ஸ்குரூ பழைய இடத்துக்கே வந்துவிட்டது, புகைப் பரிசோதனையும் பாஸ். நான் எதிர்பாராதது ஒயில் கசிவு அடங்கியதுதான். டெப்பெட் கவர் (எஞ்சின் மேல்மூடி) கெஸ்கட் மாத்தியும் நிற்காத கசிவு அது. ஒயில் மாத்தும்போதெல்லாம் வால்வைக் கழற்றிக் கழுவுகிறேன், கிளிப்புகளை இறுக்குகிறேன். காபுரேட்டரின் த்ரொட்டில் ஷாஃப்ட் தேய்மானத்தால் இன்னும் கொஞ்சம் காற்று இழுக்கிறது. அதற்கு லேத்தில் புஷ் (தேய்ந்த துளைக்குள் இறக்கும் வளையம்) அடிக்க வேண்டும். ஐடில் இப்படியே நிற்கும்வரை அந்தச் செலவுக்குப் போவதாக இல்லை.