கணக்கு மென்பொருள்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கணக்கு மென்பொருளைப் பற்றிப் பேசும்போது வசதிகளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே மென்பொருளில் ஆண்டுக்கணக்காக வேலை செய்யும் எனக்கு முக்கியமாகப் படுவது, வாரந்தோறும் அதற்கென ஒதுக்கும் அரை மணி நேரம். அது தவறாமல் நடந்தால் சாதாரண மென்பொருளே தாராளம்.

அதில் பெரிய வேலை, வங்கி வரவுசெலவை நாமே பதியும் வங்கி ஏட்டை வங்கி தரும் அறிக்கையோடு ஒப்பிடுவது. மாதக் கடைசிவரை தள்ளிப்போடாமல் வாராவாரம் பார்த்தால் பதிவுகள் குறைவு. எந்தத் தொகை எதற்கு என்பதும் நினைவிலிருக்கும். பணமாகாத காசோலைகளையும் வங்கி பிடித்த கட்டணத்தையும் சரிக்கட்டிய பிறகும் வித்தியாசம் வந்தால் அதை 9-ஆல் வகுத்துப் பார்ப்பேன். மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும்: 630-ஐ 360 என்று பதிந்தால் 270 குறையும். இல்லையென்றால் பாதித் தொகையைத் தேடுவேன். 425 வரவைச் செலவாகப் பதிந்திருந்தால் 850 இடிக்கும். பேரேட்டைக் கையால் எழுதிய காலத்து உத்திகள்தான். இன்றும் அப்படியே பலிக்கின்றன.

எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளையும் கூட்டிக் காட்டும் இருப்பாய்வு சமமாக இருக்கிறதே என்று நிம்மதியடைந்துவிடக் கூடாது. பற்றும் வரவும் ஒத்துப்போகாத பதிவை மென்பொருள் பொதுவாக ஏற்பதே இல்லை. பிறகு சமமாக இல்லாமல் எப்படி இருக்கும்? ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் கணக்கில் ஏறினால் அங்கே தெரியாது. இரட்டைப் பெயர்கள்தான் இதில் பெரும் தொல்லை. முதலெழுத்துக்குப் பின் புள்ளி வைத்து ஒரு கணக்கு, புள்ளியில்லாமல் அதே பெயரில் இன்னொன்று. பில் ஒன்றில், ரசீது மற்றொன்றில். முழுத் தொகையையும் கட்டியவர் நிலுவைப் பட்டியலில் கடனாளியாக நிற்பார். அவரிடமே பாக்கி கேட்டால் அவர் மனம் என்ன பாடுபடும்! பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் ஓட்டிப் பார்த்தாலே இவற்றில் பெரும்பாலானவை கண்ணில் படும். இணைக்கும் வசதி இல்லாத மென்பொருளில், வேண்டாத பெயரிலுள்ள இருப்பை ஒரு பதிவின் மூலம் சரியான பெயருக்கு மாற்றிவிட்டு அதை முடக்கிவிடலாம்.

பேக்கப் எல்லோரும் எடுக்கிறார்கள். அதை வேறொரு கணினியில் அவ்வப்போது திறந்தும் பார்க்க வேண்டும். சரிபார்த்து முடித்த மாதத்தைப் பூட்டிவிட வேண்டும். பழைய தேதியில் யாரோ ஒரு பதிவைத் திருத்தினால் கொடுத்துவிட்ட அறிக்கையெல்லாம் பொய்யாகிவிடும்.

அனாமத்துக் கணக்கில்தான் நான் மிகவும் கண்டிப்பு. விவரம் தெரியாத தொகையை அங்கே வைப்பதில் பிழையில்லை, ஆனால் அது அங்கேயே குடியிருக்கக் கூடாது. நான் பயன்படுத்தும் மென்பொருள் மொத்த இருப்பை மட்டுமே காட்டுகிறது. எந்தத் தொகை எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று சொல்வதில்லை. அதனால் ஒவ்வொரு பதிவின் விவரக் குறிப்பிலும் யாரிடம் கேட்க வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதிவைக்கிறேன். வாரப் பார்வையில் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.