முதல்வர் நாற்காலியா, மருத்துவமனையா? இரு மருத்துவர்களின் வழி

அரசியலுக்குப் போகலாமா என்று தயங்கும் இளம் மருத்துவர்களுக்கு, பி.சி.ராயையும் முத்துலட்சுமி ரெட்டியையும் அருகருகே வைத்துக் காட்டுவேன்.

அதிகாரம்:
ராய் – 1948 முதல் 1962இல் இறக்கும்வரை மேற்கு வங்க முதல்வர். துர்காபூர், கல்யாணி நகரங்கள் அவர் காலத்தில் எழுந்தவை.
முத்துலட்சுமி – 1927இல் சென்னை சட்ட மேலவைக்குள் நுழைந்தார்; காந்தி கைதானதும் 1930இல் பதவியைத் துறந்தார்.

வேகம்:
முதல்வரின் கையெழுத்து விரைவில் பலன் தரும். தேவதாசி முறைக்கு எதிராக மேலவையில் முத்துலட்சுமி எழுப்பிய குரலோ, முழுத் தடைச் சட்டமாக 1947 ஆகிவிட்டது. இருபது ஆண்டுகள்! அந்தப் பொறுமையை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது.

மருத்துவத் தொழில்:
ராய் முதல்வரான பிறகும் நோயாளிகளை இலவசமாகப் பார்த்தார்.
முத்துலட்சுமி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறக்கவில்லை. 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. இன்றும் ஏழைகள் அதன் வாசலை நம்பி வருகிறார்கள்.

நகரங்களையும் தொழிற்சாலைகளையும் எழுப்பும் கனவு உள்ளவருக்கு ராயின் வழி. ஒரு நோயை, ஒரு அநீதியை விடாமல் துரத்துபவருக்கு முத்துலட்சுமியின் வழி. என் மனம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது.