அமாமி ஒஷிமா: கூண்டா, குழாய்ப் பொறியா?

ஜப்பானின் அமாமி ஒஷிமா தீவில் ஹாபு விரியனை ஒழிக்க 1979-இல் கீரிகளை விட்டார்கள். ஹாபு இரவில் திரிவது, கீரியோ பகலில். இரையானது அந்தத் தீவிலும் பக்கத்து டோக்குனோஷிமா தீவிலும் மட்டுமே வாழும் கருமுயல்.

அதனால் கீரிகளையே பொறி வைத்து ஒழிக்கவேண்டி வந்தது. உயிரோடு பிடிக்கும் கூண்டில் வேறு விலங்கு சிக்கினால் விட்டுவிடலாம். ஆனால் தினமும் போய்ப் பார்க்கவேண்டும். தவறினால் உள்ளே இருப்பது பசியில் செத்துவிடும். அதனால் சாலையோரம்தான் தோது.

குழாய்ப் பொறியில் இரையை எட்ட கீரி தலையை நுழைத்ததும் கழுத்து இறுகும். அன்றாடம் பார்க்கத் தேவையில்லை. அடர்காட்டுக்குள்ளும் வரிசையாக வைக்கலாம். அரிய முள்மயிர் எலியும் அதில் மாட்டிச் சாவதுதான் வேதனை. எலி நிறைந்த இடத்தில் கூண்டே சரி. மற்றபடி எங்கள் தேர்வு குழாய்தான்: எட்டாத மூலையில் நாலு கீரி மிஞ்சினாலும் மறுபடி பெருகிவிடும்.

கடைசிக் கீரி 2018-இல் பிடிபட்டது. மோப்ப நாய்களும் தானியங்கிக் கேமராக்களும் தொடர்ந்து தேடியபின், 2024 செப்டம்பரில் ஒழிப்பு அறிவிப்பு வந்தது.